ஓடையின் குறுக்கே ஒரு சுவர்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் காலையில்தான் ஓய்ந்தது. ஆசிரமத்துக்குப் பின்னாலிருந்த கோரைப்புல் வெளியில் தண்ணீர் நின்றது. அது ஓடை வழியாக ஏரிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

மாசிலாமணி தியானத்தில் இருந்தார். அறுபத்திரண்டு வயது. அணைகள் கட்டி ஓய்வுபெற்ற பொறியாளர். அவருடைய குரு உலகம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

குரு வந்து அவர் தோளைத் தொட்டார். தியானத்தின்போது ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

“ஐயா, உங்கள் சுவருக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள்.”

மண் அரித்துப் போகாமலிருக்க, போன கோடையில் ஓடையின் குறுக்கே இடுப்பளவுக்கு ஒரு சிமெண்ட் சுவர் கட்டியிருந்தார் மாசிலாமணி. ஆசிரமத்தில் எல்லோரும் பாராட்டிய வேலை.

போய்ப் பார்த்தார். சுவரின் மேலிருந்து தண்ணீர் வழிந்து விழுந்தது. கீழே கெண்டையும் கெளுத்தியுமாக மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஏரியிலிருந்து எதிர்நீச்சல் போட்டு வந்தவை. வயிறு புடைத்த கெண்டை ஒன்று எகிறியது. சுவரில் மோதி விழுந்தது. மறுபடியும் எகிறியது. கரையில் கொக்குகள் அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தன.

“சினை மீன்கள். மேலே போய் முட்டையிட வந்திருக்கின்றன,” என்றார் குரு.

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வாளியில் நாலைந்தை அள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் விட்டார். திரும்பிப் பார்த்தால் இன்னும் இருபது வந்திருந்தன. மறுபடியும் அள்ளினார். மூச்சு வாங்கியது.

“அம்மா, இதுகளுக்காகப் பிரார்த்தனை செய்யலாமா?”

“செய்யலாம். கடப்பாரையை எங்கே வைத்திருக்கிறீர்கள்?”

அவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “உடைத்தால் மண் போய்விடும்.”

“அணை கட்டியவர் நீங்கள். எனக்கென்ன தெரியும்?”

அந்தக் கெண்டை இன்னொரு முறை மோதியது. சிமெண்டில் அதன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு பளபளத்தது. மாசிலாமணி அதையே பார்த்தார். அப்புறம் போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார்.

சுவர் நன்றாகத்தான் கட்டப்பட்டிருந்தது. உடைக்க வெகுநேரம் ஆனது. உடைந்த துண்டுகளையே ஓடையில் சரிவாக அடுக்கினார். ஒவ்வொரு கல்லையும் குரு எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் வேகம் குறைந்து, கல்லுக்குக் கல் தவழ்ந்து இறங்கியது. மண்ணும் போகவில்லை.

முதலில் ஒரு கெளுத்தி ஏறியது. பிறகு நாலைந்து. பிறகு எண்ண முடியவில்லை. மாசிலாமணியின் கால்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு போயின. அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்தார். சிரித்துச் சிரித்து நிலைதடுமாறி ஓடையிலேயே உட்கார்ந்துவிட்டார். மீன்கள் அவரைச் சுற்றி வளைந்து மேலே ஏறின. குருவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஈரத் துணியோடு இருவரும் புல்வெளியின் ஓரம் வந்து நின்றார்கள். கோரைகள் அங்கங்கே தாமாக அசைந்தன. அடியில் புல்லோடு புல்லாக முட்டைகள் ஒட்டியிருந்தன.

மாசிலாமணி கேட்டார். “ஏரியில் அவ்வளவு ஆழம் இருக்கிறது. அதை விட்டு இங்கே எதற்கு? முழங்கால் தண்ணீர்தானே இது.”

“ஆழத்தில் பெரிய மீன்கள் இருக்கும். முட்டையைத் தின்றுவிடும். இங்கே வெயில் படும், புல் இருக்கும், குஞ்சுக்குத் தீனி இருக்கும்.”

அவர் வேட்டி முனையைப் பிழிந்தார்.

“ஒன்று சொல்கிறேன், அம்மா. பதினோரு வருஷமாகக் கண்ணை மூடி உட்காருகிறேன். எல்லோரும் ஆழம், ஆழம் என்கிறார்கள். நான் இன்னும் முழங்கால் அளவைத் தாண்டவில்லை.”

உலகம்மை குனிந்து, கோரைத்தாள் ஒன்றைத் தண்ணீருக்கு மேலே மெல்லத் தூக்கிக் காட்டினார். தாள் முழுக்கக் கண்ணாடி மணிகளாக முட்டைகள்.

“பார்த்துக் காலை வையுங்கள், ஐயா,” என்றார்.