நேற்றைய வடை

"மேடம், இதோட மூணாவது தடவை திருப்பிக் குடுத்துட்டீங்க" என்றார் சுடலைமுத்து.

முனைவர் பட்ட ஆய்வில் அவருக்கு இது ஆறாவது ஆண்டு. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாம் இயலைத் தராவிட்டால் பதிவு ரத்து. வயது நாற்பத்தெட்டு. நெறியாளர் ரெஹானா அவரைவிட ஐந்து வயது இளையவர் என்பதால் மாணவரை 'சார்' என்றே அழைப்பார். திட்டும்போதும் அப்படித்தான்.

பள்ளியில் மதிய உணவோடு முட்டை கொடுத்தால் பிள்ளைகளின் வருகை கூடுகிறதா என்பது தலைப்பு. இதைப் பற்றி முன்னால் யார் யார் என்ன ஆராய்ந்தார்கள் என்று சொல்ல வேண்டியது இரண்டாம் இயல். இருநூற்றுப் பன்னிரண்டு ஆய்வுகளைத் திரட்டியிருந்தார்.

"முதல்ல வரலாறு மாதிரி எழுதினேன். வேண்டாம்னீங்க. அப்புறம் விதி வகுத்து, அதை வச்சு சலிச்சு, சலிச்சதுல விழுந்ததுக்கும் காரணம் போட்டு எழுதினேன். வேண்டாம்னீங்க. இப்ப எங்கெங்க என்னென்ன ஆய்வு கிடக்குன்னு வரைபடமே போட்டேன். இப்படி முந்தின ஆய்வுகளை மீளாய்வு பண்றதுல பதினாலு வகை இருக்காம். எந்த வகைன்னு சொல்லிடுங்க, எழுதிடறேன். முடியலை மேடம்."

ரெஹானா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அன்று அவர் பார்த்த ஐந்தாவது இரண்டாம் இயல் அது.

"பசிக்குது சார். வாங்க."

கேன்டீனில் உட்கார்ந்ததும் ரெஹானா, "என்னென்ன இருக்குன்னு கேளுங்க" என்றார்.

கேட்டார். மாஸ்டர் செல்லையா இட்லியில் தொடங்கி எலுமிச்சைச் சாதம் வரை ஒப்பித்தார். தயிர்ச் சாதம் தீர்ந்துவிட்டது என்பதையும் விடவில்லை.

"வடை இன்னைக்குச் சுட்டதான்னு கேளுங்க."

"இன்னைக்குத்தான்" என்றார் செல்லையா, கேட்பதற்கு முன்பே.

"விக்கிறவரை மட்டும் கேட்டா எப்படி சார்? தின்னவங்களைக் கேளுங்க. எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி. ஒருத்தரையும் விடக் கூடாது."

சுடலைமுத்து மேசை மேசையாகப் போனார். ஏழு பேர் நேற்றையது என்றார்கள். ஒருவர் மட்டும் இன்றையது என்றார். அவர் செல்லையாவின் மைத்துனர்.

"இந்த வடை எப்படி இந்த நிலைமைக்கு வந்துச்சுன்னு கேளுங்க."

செல்லையா பெருமூச்சு விட்டு, பழைய காண்டிராக்டர் காலத்திலிருந்து ஆரம்பித்தார். டீ ஆறிப்போனது.

"இங்க மூணு விதமா கேட்டீங்க. எந்த வகையில கேக்கணும்னு என்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கலையே சார்?" என்றார் ரெஹானா.

சுடலைமுத்து ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"முட்டையைப் பத்தி நீங்க என்ன தெரிஞ்சுக்கணும்?"

"வருகை கூடுதான்னு..."

"அது தலைப்பு. நான் உங்களைக் கேட்டேன்."

சுடலைமுத்து டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தப்ப என் வகுப்புல ஒரு பொண்ணு. ஒரு நாள்கூட லீவு போடாது. முட்டையை மட்டும் தின்னாது. பைக்குள்ள வச்சுக்கும். வீட்டுல தம்பி."

"ம்."

"அது வந்துச்சுன்னுதான் மேடம் நாங்க குறிச்சோம். யாரு தின்னாங்கன்னு குறிக்கவே இல்லை."

"வேற யாராவது குறிச்சிருக்காங்களா?"

இருநூற்றுப் பன்னிரண்டையும் படித்தவர் அவர். ஆனால் இந்தக் கேள்வியோடு ஒன்றையும் படித்ததில்லை.

பையைத் திறந்து முதல் ஆய்வை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

"இன்னும் ஏதாவது கேக்கணுமா சார்?" என்றார் செல்லையா, எரிச்சலோடு.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் சுடலைமுத்து, தலை நிமிராமல்.