எலி அத்தை உடைத்த கரை

அந்த வருஷம் பயறு காய்க்கவில்லை. இலைதான் வந்தது. கொடி கொடியாக இலை.

அந்தக் காலத்தில் எலியும் பேசும், செடியும் பேசும். செடி பேசியதுதான் வம்பு.

மெக்சிகோவுக்கு வடக்கே ஒரு பாலைவனம். பனை உயரத்துக்குக் கள்ளி நிற்கும். அங்கே ஓதாம் என்கிற பழங்குடிச் சனங்கள். கோடையில் இடி இடித்து மழை கொட்டும். ஓடை பெருகித் தரையில் பரவும். ஒரே நாளில் வடிந்துவிடும். அந்த ஈரத்தில் விதைப்பார்கள். அவ்வளவுதான் அவர்கள் விவசாயம்.

ஹெவெல் என்று ஒருத்தன். முந்தின வருஷம் மழை இல்லை. அவனிடம் ஒரு பிடி விதைப் பயறு மிச்சம். ஊருக்கே அதுதான் மிச்சம். வெள்ளம் வந்தது, விதைத்தான். முளைத்ததும் பயறு வாயைத் திறந்தது.

"அப்பா, தாகம்."

இவன் உருகிவிட்டான். அடுத்த வெள்ளம் வந்தபோது வயலைச் சுற்றி மண் கரை போட்டுத் தண்ணீரை அடைத்துவிட்டான். அப்படி யாரும் செய்ததில்லை.

"பூ எங்கே?" என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி மாஷத்.

"நாளைக்குப் பூக்கிறேன் அம்மா. இன்னும் கொஞ்சம் தண்ணீர்," என்றது பயறு.

பத்து நாளாக இதே 'நாளைக்கு'தான்.

"கரையை வெட்டுங்க. பனி விழுந்தா விதைகூட மிஞ்சாது," என்றாள் மாஷத்.

"குழந்தை தாகம்னு சொல்லுதே."

"குழந்தையா? என் இடுப்புக்கு வளர்ந்து நிக்குது."

அவன் வெட்டவில்லை.

வயலோர வளையில் ஒரு கிழட்டு எலி. ஊருக்கே அத்தை. நனைந்துபோய் வெளியே வந்தாள்.

"ஹெவெல், என் வீட்டுக்குள்ளே தண்ணீர்."

"வேற வீடு பாரு அத்தை."

"பார்க்கிறேன்," என்றாள். பார்க்கவில்லை. அவன் சாப்பிடப் போன நேரம் கரையை அடியில் குடைந்தாள். அவன் தடியோடு ஓடி வந்தபோது வயலில் சேறுதான் இருந்தது.

அதற்குப் பிறகு மழையும் இல்லை. சேறு காய்ந்து வெடித்தது.

"அத்தை, நான் செத்துப்போவேன்," என்று அழுதது பயறு.

"எல்லாரும்தான் சாவோம். பிள்ளையைப் பெற்றுவிட்டுச் செத்துப்போ."

பயறு பயந்துவிட்டது. பேச்சை நிறுத்தியது. மூன்றாம் நாள் பூ. அப்புறம் காய். பனிக்கு முன்னால் மாஷத் ஒரு கூடைப் பயறு அடித்துப் புடைத்தாள். விதைக்கும் ஆச்சு, கஞ்சிக்கும் ஆச்சு.

ஹெவெல் வளைப் பக்கம் போனான். "பயறைக் காப்பாத்தத்தான் உடைச்சியா அத்தை?"

"என் வீட்டுக்காக உடைத்தேன். உன் பயறு யாருக்கு வேணும்?" என்றாள். கன்னம் இரண்டும் பயறால் உப்பியிருந்தது.

அன்று முதல்தான் அந்தப் பயறு ஒன்றிரண்டு வெள்ளத்திலேயே காய்த்துவிடுகிறது. கூடுதலாகத் தண்ணீர் விட்டால் இலையாகவே நிற்கிறது. வாயும் திறப்பதில்லை. ஊரில் அதை ஹெவெல் பயறு என்பார்கள். அவன் கட்டியது கரை. பயறைக் காய்க்க வைத்தது எலி அத்தை.