கரைஞ்சு போன சீர்

மலையும் மழையுமா ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல ஒரு வீட்டுக்கு ரெண்டாவது மருமகளா வாக்கப்பட்டு வந்தவ பேரு செம்பவளம். அவ பொறந்தது ரொம்ப தூரத்துல, கடலோரத்து உப்பளத்துல. வெயில் ஏற ஏற பாத்தி பூரா வெள்ளை வெளேர்னு உப்பு பூத்துக் கெடக்குமாம் அங்க. அவ அப்பா கல்யாணச் சீரா என்ன குடுத்தாரு தெரியுமா? நகை இல்ல, நட்டு இல்ல, ஒரு பெரிய பானை நெறைய உப்பு. அதைப் பார்த்து மூத்த மருமக மாடத்தி சிரிச்சா. பவளம் பானையை மூடி பத்திரமா எடுத்து வச்சுக்கிட்டா. ஊரு நெனப்பு வர்றப்பல்லாம் பானையைத் தெறந்து ஒரு கல்லை நாக்குல வச்சுக்குவா. அப்பா பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும்.

இப்படி இருக்கறப்போ நாத்தனா பூரணிக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. மாப்பிள்ளை பக்கத்து ஊருதான். ஆனா சம்பந்தி பெரிய கோவக்காரரு, சாப்பாட்டுல ஒரு குறை இருந்தாலும் பந்தியில இருந்து எந்திரிச்சுப் போயிடுவாரு. அந்த நேரம் பார்த்து ஆத்துல வெள்ளம். மழை விட்டும் தண்ணி வடியல, உப்பு வண்டி எதுவும் இந்தக் கரைக்கு வரல. எந்த வீட்லயும் ஒரு கல்லு உப்பு இல்ல. மாமியா பவளத்து கையைப் பிடிச்சுக்கிட்டு, "உன் பானைதாம்மா இந்த வீட்டு மானம்"னு சொன்னா.

மாடத்திக்கு அது பொறுக்குமா? எல்லாரும் வயலுக்குப் போன நேரமா ஓடையில வெள்ளை மணலை அள்ளிட்டு வந்து பானையில கொட்டி, நல்லா கெளறி, ஒண்ணும் தெரியாதவ மாதிரி போய்ப் படுத்துக்கிட்டா.

மறுநா பவளம் ஒரு கல்லை வாயில போட்டா, நறநறன்னுச்சு. அப்படியே உக்காந்துட்டா. அப்புறம் கண்ணைத் தொடச்சுக்கிட்டு ஒவ்வொரு கல்லாப் பொறுக்கிப் பார்த்தா, பொறுக்கி முடியல. சரின்னு முறத்துல போட்டுப் புடைச்சா. உமின்னா பறந்து போயிடும், மணல் கனமாச்சே, உப்போட சேர்ந்து முறத்துலயே நின்னுச்சு. சரின்னு சல்லடையில போட்டு சலிச்சா. ரெண்டும் ஒரே பருமனு, ரெண்டும் சேர்ந்தே விழுந்துச்சு. பொறுக்கியும் ஆகல, புடைச்சும் ஆகல, சலிச்சும் ஆகல.

அப்போ அவளுக்கு உப்பளம் ஞாபகம் வந்துச்சு. அவ சின்னப் புள்ளையா இருக்கறப்போ ஒரு நா திடீர்னு மழை பேஞ்சு, பாத்தியில வெளைஞ்ச உப்பெல்லாம் கரைஞ்சு போச்சு. இவ அழுதா. அப்பா சிரிச்சாரு. "தண்ணிக்குள்ளதாம்மா இருக்கு. வெயில் வந்தா தண்ணி போயிடும், உப்பு நின்னுக்கும்"னாரு.

உடனே பவளம் பானையில தண்ணியை ஊத்திக் கலக்குனா. உப்பு கரைஞ்சுச்சு, மணல் கரையுமா? கரையாது இல்ல? அது அடியில போய்ப் படிஞ்சுச்சு. மேல தெளிஞ்ச தண்ணியைத் துணியில வடிகட்டி வேற பானையில ஊத்துனா.

அதைப் பார்த்த மாடத்தி ஊரையே கூட்டிட்டா. கல்யாண உப்பைத் தண்ணியில கரைச்சு அழிச்சுட்டான்னு ஒரே கூப்பாடு. மாமியா பதறிப் போய் எட்டிப் பார்த்தா, கண்ணாடி மாதிரி வெறும் தண்ணிதான் தெரிஞ்சுச்சு. பவளம், "ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்கத்தை"ன்னா. வச்சா, கரிச்சுச்சு. மாமியா மூச்சு விட்டா. மாடத்தியையும் பார்க்கச் சொன்னாங்க. அவ மாட்டேன்னுட்டா. சின்ன மருமகளுக்குப் பரிஞ்சுக்கிட்டு மாமியா பொய் சொல்றான்னு அவ நெனப்பு.

பவளம் அகலமான மண் சட்டிகள்ல அந்தத் தண்ணியை ஊத்தி, பாறை மேல வெயில்ல வச்சா. நாளாக நாளாகத் தண்ணி வத்துச்சு, ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு வந்துச்சு, அப்புறம் சட்டி பூரா பூத்துச்சு. அப்பாவோட பாத்தி மாதிரியே. பவளம் அங்கயே உக்காந்து நெஞ்சு லேசாகற வரைக்கும் அழுதா.

கல்யாணத்தன்னைக்கு வத்தாத தண்ணி ஒரு பானை மிச்சம் இருந்துச்சு. கொழம்புக்கு ஆகும்னு அடுப்படி மூலையில வச்சிருந்தா. பாயசம் வைக்கறது மாடத்தி வேலை. அவசரத்துல தண்ணி பத்தல, ஓடைக்குப் போக சோம்பேறித்தனம். மூலையில இருந்த பானையை எடுத்து, வெறும் தண்ணின்னு நெனச்சு அப்படியே ஊத்திட்டா.

பந்தி பாதியில பவளம் பார்த்தா, பானை காலியா பாயச அடுப்புக்குப் பக்கத்துல கெடந்துச்சு. அவளுக்குப் புரிஞ்சு போச்சு. பேசாம இருந்திருந்தா மாடத்தி மானம் போயிருக்கும். ஆனா பூரணி கல்யாணமும் போயிருக்குமே? ஓடிப்போய், "அக்கா, பாயசத்தைப் பரிமாறாதீங்க, அது உப்புத் தண்ணி"ன்னா.

மாடத்தி, "வெறும் தண்ணிக்கு என்னடி"ன்னு சொல்லி எல்லார் முன்னாடியும் ஒரு கரண்டி மொண்டு வாய் நெறைய குடிச்சா. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல, கண்ணுல தண்ணி கொட்டுது.

மாமியா அவளையே சம்பந்தி முன்னாடி அனுப்பிட்டா. பவளம் தடுக்கலன்னா என்ன ஆயிருக்கும்னு மாடத்திக்கு உறைச்சுச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, பாயசத்தைக் கெடுத்ததும் நான்தான், உப்புல மணலைப் போட்டதும் நான்தான்னு சொன்னா. சம்பந்தி அவளைப் பார்த்தாரு, தன் எலையைப் பார்த்தாரு. கொழம்பு ருசியா இருக்கேன்னு சொல்லி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாரு. பாயசத்துக்குப் பதிலா எலைக்கு எலை வெல்லமும் வாழைப்பழமும் வச்சாங்க. அத்தனை எலையையும் எடுத்து, அத்தனை பாத்திரத்தையும் தனியா வெளக்குனது மாடத்திதான்.

வெள்ளம் வடிஞ்சதும் மொத வண்டியில பவளத்தோட அப்பா வந்தாரு. பவளம் உப்பை அவரு உள்ளங்கையில வச்சு, இங்க பாறையில எடுத்ததுன்னா. அவரு ஒரு கல்லை வாயில போட்டு, "இந்த மலைக்காட்டுல நம்ம அளத்து உப்பு எப்படிம்மா பூத்துச்சு"ன்னு கேட்டாரு. அவ அப்பா தோள்ல சாஞ்சுக்கிட்டா.

கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல, கண்ணுங்களா. பவளம் அவ வீட்ல நல்லா இருந்தா, நீங்க உங்க வீட்ல நல்லா இருங்க. வெளக்கை அணைக்கிறேன், தூங்குங்க.