தளபதியின் தொப்பி

கனடாக் காட்டில் இருந்த பிரெஞ்சுக் கோட்டைக்குப் பாரீஸிலிருந்து புதுத் தளபதி வந்தார். தலையில் மின்னும் தொப்பி, மூக்கில் கைக்குட்டை.

"கிடங்கில் என்னடா நாற்றம்?"

"பீவர் தோல், பிரபு. காட்டு ஜனங்கள் இரண்டு குளிர்காலம் உடுத்திவிட்டுக் கொடுத்தது," என்றான், தோலைத் தரம் பிரிக்கும் துசேன்.

"அடுத்தவன் வியர்வை பட்டதா! சீச்சீ! பொழுது சாய்வதற்குள் அத்தனையும் கோட்டைக்கு வெளியே போகணும். ஒன்று மிச்சமிருந்தாலும் நாற்பது கசையடி!"

துசேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோட்டை பிழைப்பதே அந்தத் தோலால்தான். ஆனாலும் கட்டுக்கட்டாகச் சுமந்து வெளியே போட்டான்.

சாயங்காலம் தளபதி வந்தார். "எல்லாம் போச்சா?"

"ஒன்று பாக்கி, பிரபு. உங்கள் தலையில் இருக்கிறது."

சிப்பாய்கள் வாயைப் பிளந்தார்கள். துசேன் தொடர்ந்தான்:

"உடுத்தி உடுத்தி முரட்டு மயிர் உதிர்ந்தால்தான் அடியில் மெத்தென்ற ரோமம் மிஞ்சும். பாரீஸ் தொப்பிக்காரர்கள் கேட்டு வாங்குவது அதைத்தான். உங்கள் தொப்பியும் யாரோ ஒருவன் அக்குளில் இரண்டு வருஷம் கிடந்ததுதான்."

தொப்பியைப் பிடுங்கப் பாய்ந்த தளபதியின் கை, தொடக் கூசி அந்தரத்திலேயே நின்றது.

"எல்லாவற்றையும்... உள்ளே கொண்டு போ," என்று முனகினார்.

"தொப்பியையுமா, பிரபு?"