ஆப்பெழுத்துப் பலகையில தூசி தட்டுன கதை

நாமக்கல் தாண்டி, கோழிப்பண்ணையை ஒட்டுனாப்புல ஒரு கம்ப்யூட்டர் சென்டர். இருந்த மூளையெல்லாம் கம்ப்யூட்டருக்கே செலவாயிட்டதால, அங்க வேலை பாத்த செங்கோட்டுவேல், ராசப்பன், குப்பாயி மூணு பேருக்கும் மிச்சம் எதுவும் வரல.

செங்கோட்டுவேலுக்குக் கல்யாணக் கவலை வேற. "இன்னியிலருந்து முப்பதாம் நாள் வந்து பாப்பேன். அன்னிக்கு வேலையில நிக்கிறவருக்குத்தான் என்ற பொண்ணு"ன்னு மாமனாராகப் போறவரு கறாராச் சொல்லியிருந்தாரு.

இருபத்தெட்டாம் நாள், சென்டரை நடத்துற புரொபசர் அம்மா ஒரு களிமண் பலகையோட வந்தாங்க. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தி ஈராக் பக்கம் ஈர மண்ணுல குச்சியால ஆப்பு ஆப்பாக் குத்தி எழுதுன ஆப்பெழுத்து. படம் புடிச்சுக் குடுத்தாப் போதும், கம்ப்யூட்டரே வாசிச்சுரும்.

"தூசி துளிகூட இருக்கக்கூடாது. எல்லாம் போனப்புறம் படம் எடுங்க. நாளான்னிக்கு வர்றேன்."

வாளித் தண்ணியில முக்கித் தேச்சாங்க. தூசி வந்துச்சு. வந்துக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் வாளி நிறைய தூசி, பலகையைக் காணோம்.

"முழுக்கத் தூசியிலயே செஞ்சு ஏமாத்திப்புட்டானுங்க!"ன்னான் ராசப்பன்.

"அட, எழுத்து எங்கய்யா?" செங்கோட்டுவேலுக்கு அழுகையே வந்துருச்சு.

"வாளிக்குள்ளதான் இருக்கும். வேற எங்க போவும்?"னு கேட்டா குப்பாயி.

வாளியைப் படம் புடிச்சாங்க. 'எழுத்து இல்லை'ன்னுச்சு கம்ப்யூட்டர்.

"அடியில தங்கியிருக்கும்"னு கலக்கிட்டு மறுபடி புடிச்சாங்க. ம்ஹூம்.

சேத்தை வடிச்சு, பலகையாத் தட்டி, வெயில்ல வெச்சாங்க. பண்ணைச் சேவல் ஒண்ணு அதும்மேல குறுக்கயும் நெடுக்கயும் நடந்துட்டுப் போச்சு. அதைப் படம் புடிச்சா, கம்ப்யூட்டர் கடகடன்னு வாசிக்குது: 'ராஜாவுக்கு வணக்கம். ஆடு பன்னெண்டு. பார்லி இன்னும் வரல.'

"சேவலுக்கு எப்படிங்க இதெல்லாம் தெரியும்?"னு கேட்டான் செங்கோட்டுவேல்.

"ராஜா காலத்துலயும் சேவல் இருந்துச்சுல்ல? பரம்பரையா வர்றது"ன்னா குப்பாயி.

முப்பதாம் நாள் அம்மா வந்து பாத்து அசந்துட்டாங்க. "இவ்ளோ தெளிவா வந்ததே இல்ல! யாரு செஞ்சது?"

பொய் சொல்லத் தெரியாத செங்கோட்டுவேல் சேவலைக் கக்கத்துல இடுக்கிட்டு வந்து நிறுத்துனான்.

அம்மா சேவலை ஒருக்காப் பாத்தாங்க, மூணு பேரையும் ஒருக்காப் பாத்தாங்க. "அப்ப நீங்க மூணு பேரும் எதுக்கு?"

மத்தியானமே மூணு பேரும் வெளிய. சேவல் உள்ள.

சாயங்காலம் மாமனார் தாம்பூலத்தட்டோட வந்தாரு. கம்ப்யூட்டருக்கு முன்னால ஒத்தைக் கால்ல நின்னுட்டிருந்த சேவலை ஏற எறங்கப் பாத்தாரு. முகமெல்லாம் சிரிப்பு.

"பொறுப்பான ஆளுதான். ஆனா, நாள் குறிக்கறதுக்கு முந்தியே செவப்புத் தலப்பாக் கட்டிட்டாரே, மாப்பிள்ளைக்கு அம்புட்டு அவசரமுங்களா?"