எச்சில் பட்ட மரம்

விழுந்த மரம் மக்கத் தெரியாமல் விழுந்தபடியே கிடந்த அந்தக் காலத்தில், கரையானும் பேசும், விதையும் பேசும். பேச்சுக்குக் குறைவில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம். ஆயிரம் வருஷத்து மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மண் எங்கே என்று கேட்டால், எட்டுக் கட்டைக்குக் கீழே என்பார்கள்.

எல்லாம் மரங்கள் பார்த்த வேலை. நெட்டையாக நிற்கும் ஆசையில் உடம்பு முழுக்க ஒரு பழுப்புப் பசையை ஏற்றிக்கொண்டன. அந்தப் பசையில் கோடி முடிச்சு. ஒரு முடிச்சு மாதிரி இன்னொன்று இருக்காது. முடிச்சுக்குள்ளே இனிப்பான வெள்ளை நார் இருந்தது. இருந்து என்ன செய்ய, அவிழ்த்தால்தானே சாப்பிட முடியும்.

அவிழ்க்கும் பொறுப்பைக் கரையான்கள் ஏற்றிருந்தார்கள். அவர்கள் தலைவன் பெயர் செம்மண்ணன். உழைப்பாளிதான், ஆனால் காட்டுச் சட்டம் மொத்தமும் தன் தலைமேல்தான் நிற்கிறது என்று நினைப்பு. அந்தச் சட்டத்தில் முதலாவது எச்சில். விழுந்த கட்டையோ பழமோ, பொது உணவில் எவர் எச்சில் பட்டாலும் அவர் குலத்தோடு காட்டை விட்டு வெளியேற வேண்டும்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் நூலி. பூஞ்சைக் குலத்துப் பெண், வெள்ளை நூல் போல இருப்பாள். அவளுக்கு வாயே கிடையாது. எதைச் சாப்பிடுவதானாலும் முதலில் அதன்மேல் உடம்பாலேயே எச்சிலைக் கக்கி, அது கரைந்த பிறகு உறிஞ்ச வேண்டும். வேறு வழி அவள் குலத்துக்குத் தெரியாது. அதனால் உதிர்ந்த பழத்தை இலைக்கு அடியில் ஒளித்து வைத்து, யாரும் பார்க்காதபோது சாப்பிடுவாள். பந்திக்கு அழைத்தால் பசியில்லை என்பாள். பொய் சொல்லிச் சொல்லியே மெலிந்துபோனாள்.

அவளுக்கு ஒரே தோழி ஆற்றங்கரை மருத மரம், மருதாயி. அந்த வருஷம் மருதாயிக்கு அடிமரம் பிளந்துவிட்டது.

"நூலி, எனக்கு இதுதான்டி கடைசி மழை. இத்தனை வருஷமும் போட்ட விதையெல்லாம் கட்டை மேல விழுந்து காஞ்சே போச்சு. இந்தத் தடவை ஒண்ணாச்சும் மண்ணைத் தொடணும்."

"தொடும்க்கா," என்றாள் நூலி. எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

மழை பிடித்தது. கட்டை இடுக்கில் மருதாயியின் விதை ஒன்று முளைத்தே விட்டது. கரையான்கள் அந்தக் கட்டையை இரவும் பகலும் கடித்தார்கள். "ஒரே ஒரு முடிச்சோட சூட்சுமம் பிடிபட்டாப் போதும், அத்தனையையும் அவுத்துடுவேன்," என்றான் செம்மண்ணன். பிடிபட்டது. ஆனால் அந்தச் சூட்சுமம் அடுத்த முடிச்சுக்கு உதவவில்லை. பல் உடைந்ததுதான் மிச்சம்.

மழை குறைய ஆரம்பித்தது. "அத்தை, கால் வைக்க இடமே இல்லை," என்று குருத்து நூலியிடம் அழுதது. அதன் வேர் நுனி கருகத் தொடங்கியிருந்தது.

தன் எச்சில் பட்டால் கட்டை கரையும் என்று நூலிக்கு உள்ளூரத் தெரியும். பட்டால் தன் குலமே நடுத்தெருவில் நிற்கும் என்பதும் தெரியும். வருவது வரட்டும் என்று, ஊரே பார்க்க அந்தக் கட்டையின் மேல் ஏறிக் கக்கினாள்.

"எச்சில்," என்றான் ஒரு கரையான். காடே திரும்பிப் பார்த்தது.

அந்த எச்சிலுக்குச் சூட்சுமம் எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம். எதிர்ப்பட்ட முடிச்சையெல்லாம் இது அது என்று பார்க்காமல் பிய்த்து எறிந்தது. அடேயப்பா, அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். பழுப்பு வெளுத்தது, வெளுத்த கட்டை நனைந்த பஞ்சாக இளகியது. பழுப்பை நூலி தின்னக்கூட இல்லை, உள்ளே இருந்த இனிப்பு நாருக்காகப் பாய்ந்தாள். பிறந்தது முதல் வயிறு நிறையாதவள் அல்லவா. ஒரு கட்டை, இரண்டாவது, மூன்றாவது. அவள் பின்னாலேயே குருத்தின் வேரும் ஓடி வந்தது. எட்டாவது கட்டையும் இளகியபோது அடியில் ஏதோ குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டது.

"மண்ணு, அத்தை," என்றது குருத்து.

மேலே மருதாயிக்கு அது கேட்டது. ஒரு கிளை பாக்கியில்லாமல் சலசலத்தாள்.

பிறகு செம்மண்ணன் வந்தான். பூஞ்சைக் குலம் மொத்தமும் காட்டை விட்டுக் கிளம்பத் தயாராக நின்றது. அவன் நூலியைப் பார்த்தான், வெளுத்த கட்டையைப் பார்த்தான், பின்னால் பசியோடு நிற்கும் தன் பிள்ளைகளைப் பார்த்தான். குனிந்து ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். வெகுநேரம் மென்றான்.

"சட்டம்னா சட்டம்தான்," என்றான், வாய் நிறைய வைத்துக்கொண்டு. இன்னும் ஒரு துணுக்கு எடுத்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இந்த எச்சிலைக் கொஞ்சம் எங்க வீட்டுலயும் வெச்சிட்டுப் போறியா, தாயி?"

"வெக்கிறேன். ஆனா இனிமே பந்தியில முதல் இலை எனக்கு," என்றாள் நூலி.

மக்கும் கட்டை இன்றைக்கும் அவள் தொட்ட இடத்தில் வெளுத்துப் போகிறது. மனிதர்கள் வந்து சாயத்தையும் எண்ணெய்க் கசடையும் கொட்டினார்கள். அதிலும் புதுப்புது முடிச்சுகள். அவள் எச்சில் அதையும் யார் எவர் என்று கேட்காமல் பிய்த்துப் போடுகிறது. செம்மண்ணன் வம்சத்தார் புற்றுக்குள்ளே அவளுக்கென்று ஒரு தோட்டமே வளர்த்து, அவள் எச்சில் படாமல் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. மழை விட்ட மறுநாள் புற்றின் மேல் வெள்ளைக் குடையாகக் காளான் விரிகிறதே, அது அன்றிலிருந்து நூலிக்குப் போட்டு வரும் முதல் இலைதான்.