ஈரச் சேலையின் இரு முனை

அருளம்மைக்கு வயது முப்பதுதான். அவளைக் குருவாக ஏற்றுப் பாடம் கேட்க வரும் நெசவாளர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அன்று மத்தியானம் அவர் பாடம் கேட்க வரவில்லை. ஒரு கையில் தடி, மறு கையில் மாரப்பனின் தோள்துண்டு. ஆளை இழுத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்த அவளிடம் வந்தார்.

நெசவாளர்கள் ஆற்றோரம் காயப்போடும் துணிகளுக்கு மாரப்பன்தான் காவல். அவன் அணைத்துப் பிடித்திருந்த சிவப்புச் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எம் பொண்ணு கல்யாணச் சேலைங்கம்மா. நானே நெய்ஞ்சு நானே சாயம் போட்டது. காயப்போட்ட எடத்துல காணோம். தேடிப் போனா இவன் கையில இருக்குது."

"காத்துல பறந்து ஆத்துல விழுந்துச்சுங்ண்ணா. எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன்," என்றான் மாரப்பன்.

"அங்க ஊரே கூடி நிக்குதுங்கம்மா. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பொண்டாட்டி புள்ளையோட இவனைத் தொரத்திருவாங்க. இவன் திருடனா இல்லியா? நீங்க சொல்லுங்க."

அருளம்மை சேலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரமா இருக்குது. மொதல்ல காய வைங்க."

புதுச் சாயத் துணி மணலில் பட்டால் திட்டு விழும், கயிற்றில் போட்டால் தழும்பு விழும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நின்றுதான் காய வைப்பார்கள்.

"யாரு புடிக்கிறதுங்க?"

"நீங்க ஒரு முனை. அவரு ஒரு முனை."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. குருவின் சொல்லாயிற்றே, தட்ட முடியுமா? தடியைக் காலடியில் போட்டுவிட்டுப் பிடித்தார். மணல் கொதித்தது. கை கடுத்தது. அவர் சேலையைப் பார்க்கவில்லை, மாரப்பனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடினால் மண்டையை உடைப்பதாகத்தான் எண்ணம்.

திடீரென்று காற்று எழுந்தது. சேலை உப்பி விறைத்தது. மாரப்பன் அவரை நோக்கிப் பாய்ந்து வந்தான்.

நாச்சிமுத்து தன் முனையை விட்டுவிட்டுத் தடியை எடுத்து ஓங்கினார்.

மாரப்பன் தடியைப் பார்க்கவே இல்லை. தன் முனையை விடாமலே முழங்காலில் சரிந்து, அவர் விட்ட முனை மணலைத் தொடுமுன் வாரி எடுத்தான்.

காற்றடித்தால் துணி கிழியாமலிருக்க எதிரே நிற்பவரை நோக்கி ஓடி வர வேண்டும். தறியில் உட்காரும் முன்பே நாச்சிமுத்து கற்ற வேலை அது. ஓங்கிய கை மெல்ல இறங்கியது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனம் அடங்கவில்லை.

"அப்ப இவன் திருடலைங்களாம்மா?"

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றாள் அருளம்மை. "உங்க முனை இன்னும் காயலை. போய்ப் புடிங்க."